பெண்ணியத்தைப் படிக்க எந்த விவாதத்திலிருந்து தொடங்கலாம்?

பெண்ணியத்தை முறையாகப் படிக்க வேண்டும், எங்கே தொடங்கலாம் என்று கேட்கும் இளைஞர்களுக்கு வழக்கமாக ஒரு பட்டியல் கிடைக்கும். அதில் பத்து நூல்கள் இருக்கும்; பத்தும் ஒரே பக்கம் நின்று பேசும். பட்டியல் கிடைக்காதவர்களுக்குக் கைப்பேசி இருக்கிறது. அங்கே பெண்ணியத்தைப் பற்றி முதலில் காதில் விழுவது பெரும்பாலும் அதை ஏசும் குரல்தான். இந்த இரண்டு வாசல்களில் எதன் வழியாக நுழைந்தாலும் மறுதரப்பு கேலிச்சித்திரமாகவே மனத்தில் பதிந்துவிடுகிறது. கல்லூரி மாணவர்களோடு இதைப் பேசும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஏனென்றால் இது தேர்வுக்குப் படித்து மறந்துவிடும் பாடம் இல்லை. யாரை எப்படித் திருமணம் செய்வது, யார் வேலையை விடுவது, வீட்டுச் சொத்தில் யாருக்கு என்ன பங்கு என்ற முடிவுகளெல்லாம் இதில் அடங்கியிருக்கின்றன.

ஆதரிப்பவர்களையும் மறுப்பவர்களையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எப்படிச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி. அந்தப் பக்கம் ஒரு நூல், இந்தப் பக்கம் ஒரு நூல் என்று எடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே போய்விடும். மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1792-இல் பெண்களுக்கு அறிவுக்குரிய கல்வி வேண்டும் என்று எழுதினார். கிறிஸ்டினா ஹாஃப் சாமர்ஸ் 1994-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பெண்ணியவாதிகள் புள்ளிவிவரங்களை மிகைப்படுத்துகிறார்கள் என்று எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு இரு தரப்பும் தெரிந்துவிட்டது போன்ற நிறைவு வரும். உண்மையில் அவர் படித்தது இரண்டு தனித்தனி விஷயங்களை. அதனால் நூல்களைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக ஒரு விவாதத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்கிறேன். ஒரு சட்டமோ தீர்மானமோ நடுவில் இருக்க வேண்டும்; இரு தரப்பும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லியிருக்க வேண்டும்; பின்னால் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எதிர்ப்பவர்களை ஏன் படிக்க வேண்டும் என்று சில தோழியர் கேட்பார்கள். 'எங்களைத் தாழ்வாக நினைப்பவர்களின் எழுத்துக்கு எங்கள் நேரத்தை ஏன் செலவிட வேண்டும்?' நியாயமான கேள்வி. நான் சொல்லும் பதில் இதுதான்: அந்த வாதங்கள் ஏற்கெனவே நம் கூடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. 'உன் நல்லதுக்குத்தான் சொல்கிறோம், இரவு வேலை வேண்டாம்' என்று அம்மாவும் அத்தையும் சொல்வதற்குப் பின்னால் நீண்ட வரலாறு கொண்ட ஒரு வாதம் இருக்கிறது. அதைக் கூர்மையான அறிவுள்ளவர்கள் கட்டியெழுப்பியிருக்கிறார்கள். அதன் வலுவான வடிவத்தைப் படிக்காதவர்களுக்கு, வீட்டில் அதன் மெலிந்த வடிவம் எதிர்ப்படும்போதுகூடப் பதில் வருவதில்லை, கோபம்தான் வருகிறது.

நான் ஒப்பிட்டுப் பார்க்கும் விவாதங்கள் மூன்று: இங்கிலாந்தில் மில்லுக்கும் ஸ்டீபனுக்கும் நடந்தது, அமெரிக்காவில் சம உரிமைத் திருத்தத்தைச் சுற்றி நடந்தது, சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தைச் சுற்றி நடந்தது.

மில்லும் ஸ்டீபனும்

ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1867-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், வாக்குரிமைச் சட்டத்தில் 'ஆண்' என்று இருந்த இடத்தில் 'நபர்' என்று போட வேண்டும் எனத் திருத்தம் கொண்டுவந்தார். 73 பேர் ஆதரித்தார்கள், 196 பேர் எதிர்த்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, பெண்கள் கீழ்ப்படுத்தப்பட்டிருப்பதைப் பற்றிய அவருடைய நூல் வந்தது. நான்கே இயல்கள். அன்றைய ஆங்கிலேயச் சட்டத்தில் திருமணமான பெண்ணின் சொத்தும் சம்பளமும் கணவனுடையவை. பெண்ணின் இயல்பே அப்படி என்று இதற்குச் சொல்லப்பட்ட நியாயத்தைத்தான் மில் பிடித்துக்கொள்கிறார். ஒரு பக்கம் அமுக்கியும் இன்னொரு பக்கம் ஊட்டியும் வளர்க்கப்பட்ட ஒன்றைப் பார்த்துவிட்டு அதன் இயல்பு இதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது என்பது அவர் வாதம். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இதைவிடத் தெளிவாக அதைச் சொன்னவர்கள் குறைவு.

ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் இதற்கு 1873-இல் மறுப்பு எழுதினார். பெண்களைப் புகழ்ந்து பாடி மழுப்புகிறவர் அல்லர் அவர். ஆண்கள் வலிமையானவர்கள், சட்டம் அதை ஒப்புக்கொள்ள வேண்டும், திருமணத்தில் கருத்து வேறுபட்டால் கடைசிச் சொல் ஒருவருடையதாக இருக்க வேண்டும் என்று நேராகவே சொல்கிறார். இதுவரை கேட்டுப் பழகியதுதான். ஆனால் அவருடைய அடுத்த வாதம் படிப்பவரை நிறுத்தும். கணவனும் மனைவியும் சமம் என்றால் திருமணம் வெறும் கூட்டு ஒப்பந்தம் ஆகிவிடும். கூட்டு ஒப்பந்தத்தை எவர் வேண்டுமானாலும் கலைக்கலாம். கலைத்தால் இழப்பு யாருக்கு? இளமையைப் பிள்ளைபேற்றில் கழித்துவிட்ட பெண்ணுக்குத்தான். நிலைமையில் சமமில்லாதவர்களைச் சட்டம் சமமாக நடத்தினால் பலமில்லாதவர் விழுவார் என்பது இதன் சாரம். பிற்போக்காளர் சொன்னது என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஜீவனாம்சம், பேறுகால விடுப்பு, இடஒதுக்கீடு என்று நாம் ஏற்றுக்கொண்ட பலவற்றின் அடியிலும் இதே கணக்கு இருக்கிறது. ஸ்டீபன் அதிலிருந்து ஆணின் தலைமைக்குப் போனார். வேறு சிலர் அதிலிருந்து பெண்ணுக்குக் கூடுதல் பாதுகாப்புக்குப் போனார்கள்.

ஸ்டீபனை நாம் படிக்க இன்னொரு காரணமும் உண்டு. அவர் இந்தியாவில் வைஸ்ராயின் ஆலோசனை சபையில் சட்ட உறுப்பினராக இருந்தவர். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தை வரைந்தவர் அவரே. பாலியல் வன்முறை வழக்கில், புகார் சொன்ன பெண் பொதுவாக 'ஒழுக்கமற்றவர்' என்று காட்டி அவர் சாட்சியத்தைக் குலைக்கலாம் என்ற விதி, 155-ஆம் பிரிவில் நாலாவது உட்பிரிவாக இருந்தது. அது நம் நீதிமன்றங்களிலிருந்து நீங்க நூற்று முப்பது ஆண்டுகள் ஆயின. பெண்ணைப் பற்றிய ஒருவரின் கருத்து நூலக அலமாரியோடு நின்றுவிடுவதில்லை என்பதை மாணவர்களுக்குக் காட்ட, இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த இணையின் பலம், வாதத்தின் எலும்புக்கூடு அப்படியே தெரிவது. பதிப்புரிமை காலாவதியானதால் இரண்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பலவீனமும் பெரிது. பெண்ணுக்காகப் பேசுபவரும் ஆண், எதிர்த்துப் பேசுபவரும் ஆண். இருவருக்கும் அன்றாட வாழ்வில் இழக்க எதுவும் இல்லை. மில்லின் மனைவி ஹாரியட் டெய்லர் 1851-இலேயே ஒரு கட்டுரையில், திருமணமான பெண்ணும் வெளியே வேலை செய்து சம்பாதிக்க வேண்டும் என்று வற்புறுத்தியிருந்தார். மில்லோ, திருமணம் செய்துகொள்ளும் பெண் பொதுவாக வீட்டு நிர்வாகத்தைத் தன் தொழிலாகத் தேர்ந்துகொள்கிறாள் என்று 1869-இல் எழுதினார். ஹாரியட்டின் கட்டுரையைச் சேர்க்காமல் இந்த இணையைப் படிப்பது குறைப் படிப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில உரைநடை கடினமானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்கச் சம உரிமைத் திருத்தம்

பாலினத்தைக் காரணம் காட்டிச் சட்டத்தின் முன் சம உரிமையை மறுக்கவோ குறைக்கவோ கூடாது. அமெரிக்க அரசியல் சாசனத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்கப்பட்டது இந்த ஒரே வாக்கியத்தைத்தான். இதை யார் எதிர்க்கப் போகிறார்கள் என்று தோன்றும். ஐம்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு வேறு வேறு கூட்டங்கள் எதிர்த்தன.

வாக்குரிமைப் போராளியான ஆலிஸ் பால் தரப்பினர் 1923-இல் முதலில் இதைக் கொண்டுவந்தபோது, கடுமையாக எதிர்த்தவர்களில் முன்னணியில் இருந்தவர் ஃப்ளோரன்ஸ் கெல்லி. ஆலைப் பெண்களின் வேலை நேரத்தைக் குறைக்க வாழ்நாள் முழுதும் பாடுபட்டவர். பெண்களுக்கு நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்ற ஆரிகன் மாநிலச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1908-இல் ஏற்றிருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு கூடாது என்று சாசனத்தில் எழுதிவிட்டால் அந்தச் சட்டங்களெல்லாம் போய்விடுமே என்பது கெல்லியின் அச்சம். இரு பக்கமும் பெண்கள். இரு பக்கமும் பெண்களுக்காகவே வாழ்ந்தவர்கள்.

திருத்தம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் தாண்டியது 1972-இல்தான். 38 மாநிலங்கள் ஏற்க வேண்டும். 35 ஏற்றன. கெடு நீட்டிக்கப்பட்டு 1982 ஜூன் 30-இல் முடிந்தது. இம்முறை எதிர்ப்பைத் திரட்டியவர் ஃபிலிஸ் ஷ்லாஃப்லி, ஆறு பிள்ளைகளின் தாய், பழமைவாத அரசியலில் ஊறியவர். 'எங்கள் சலுகைகளைப் பறிக்காதீர்கள்' என்பது அவர் இயக்கத்தின் முழக்கம். சமம் என்றால் பெண்களையும் கட்டாய ராணுவ சேவைக்கு அழைப்பார்கள், மனைவியைக் காப்பாற்றும் கடமை கணவனுக்கு இல்லாமல் போகும், வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும் விதவைக்கும் கிடைக்கும் அரசு உதவி குறையும் என்றார். ஸ்டீபனின் வாதம் நூறு ஆண்டு கழித்து இல்லத்தரசிகளின் வாயிலிருந்து வருகிறது. அவர்களுக்கு இதில் உண்மையான இழப்பு இருந்தது. கல்லூரிக்குப் போகாமல், வேலைக்குப் போகாமல், திருமணம் காப்பாற்றும் என்று நம்பி இருபது ஆண்டு வாழ்ந்துவிட்ட பெண்ணிடம் 'இனி நீ சமம்' என்று சொன்னால் அவள் நடுங்கத்தானே செய்வாள்?

எதிர்த்தரப்பில் பெட்டி ஃப்ரீடன். நடுத்தர வர்க்க இல்லத்தரசியின் பெயர் தெரியாத வேதனையைப் பற்றி 1963-இல் எழுதி ஒரு தலைமுறையை எழுப்பியவர். 1973-இல் இலினாயில் நடந்த ஒரு விவாத மேடையில் ஷ்லாஃப்லியைப் பார்த்து, உங்களைக் கட்டிவைத்து எரிக்க வேண்டும்போல் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு அவர் தரப்புக்குத்தான் கேடு செய்தது. ஃப்ரீடனுக்கு இன்னொரு விமர்சனம் உள்ளிருந்து வந்தது. வீட்டைவிட்டு வெளியேறி வேலைக்குப் போகும் அந்த வெள்ளைப் பெண்களின் வீட்டையும் பிள்ளைகளையும் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று 1984-இல் கறுப்பினப் பெண்ணியவாதி பெல் ஹூக்ஸ் கேட்டார். ஏற்கெனவே வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஏழைப் பெண்கள் ஃப்ரீடனின் கண்ணுக்குத் தெரியவே இல்லை என்றார். ஷ்லாஃப்லியின் விமர்சனத்தைவிட இது ஆழமாக இறங்குகிறது என்பது என் கருத்து.

இந்த விவாதத்தின் தனிச் சிறப்பு, முன்கணிப்புகளைச் சரிபார்க்கலாம் என்பது. திருத்தம் தோற்றது. ஆனாலும் அமெரிக்க ராணுவம் எல்லாப் போர்ப் பிரிவுகளையும் பெண்களுக்குத் திறப்பதாக 2015-இல் அறிவித்தது. அஞ்சிய மாற்றங்களில் பெரிய ஒன்று, திருத்தம் இல்லாமலே வந்தது. மறுபக்கம், திருத்தம் வராவிட்டால் பெண்களுக்கு விடிவே இல்லை என்ற வாதமும் சரியவில்லையா? 1971-இலிருந்தே உச்ச நீதிமன்றம் பழைய சம பாதுகாப்பு விதியைக் கொண்டே பாகுபாடான சட்டங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தது. திருத்தத்தை ஆதரித்த அரசியல் அறிஞர் ஜேன் மேன்ஸ்பிரிட்ஜ், தோல்விக்குப் பிறகு 1986-இல் எழுதிய ஆய்வில், அதன் உடனடி விளைவுகளை இரு தரப்புமே மிகைப்படுத்தின என்று ஒப்புக்கொள்கிறார். தன் பக்கத்தின் தோல்வியை இவ்வளவு நேர்மையாக ஆராய்ந்த நூல் அரிது. இந்த விவாதத்தில் ஒரே ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால் அதைப் படியுங்கள்.

நமக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. பெண்கள் தொழிற்சாலையில் இரவுப் பணி செய்வதைத் தடுத்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, கெல்லி காலத்துப் பாதுகாப்புச் சட்டங்களின் உறவுதான். அந்தத் தடை அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. பஞ்சாலைப் பெண்களுக்கு அது விடுதலையா, கூடுதல் சுரண்டலா என்று கேட்டுப் பாருங்கள். கெல்லியும் ஆலிஸ் பாலும் உடனே உயிர் பெற்று வந்துவிடுவார்கள்.

குறை என்னவென்றால், அமெரிக்கக் கூட்டாட்சி முறை, வியட்நாம் போர், அவர்களுடைய சமூகப் பாதுகாப்புத் திட்டம் எல்லாவற்றையும் கொஞ்சமாவது தெரிந்துகொள்ள வேண்டும். ஷ்லாஃப்லியின் எழுத்துகள் பெரும்பாலும் மாதாந்திரத் துண்டறிக்கைகள். தேடிப் பிடிக்க வேண்டும். தனியாகப் படிப்பவருக்குச் சலிப்பு வந்துவிடும். நாலைந்து பேர் சேர்ந்து, ஆளுக்கொரு தரப்பை எடுத்துக்கொண்டு படித்தால் நன்றாக இருக்கும்.

சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டு ஒழிப்பு

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவருடைய தாயார் சந்திரம்மாள், தேவதாசிப் பெண்கள் பலர் பிறந்த இசை வேளாளர் மரபிலிருந்து வந்தவர். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாண சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு அதன் துணைத் தலைவரும் ஆனார். 1927-இல், சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அவர் வாதம் மருத்துவருடையது, தாயுடையது: புத்தி தெரியாத வயதில் ஒரு குழந்தையின் வாழ்க்கையை மற்றவர்கள் முடிவுசெய்கிறார்கள், அந்தக் குழந்தை பிறகு திருமணம் செய்ய முடியாது, பணக்கார ஆண்களின் ஆதரவை நம்பி வாழ வேண்டும், நோய் வரும். கோயில் ஊழியத்துக்காக இந்தப் பெண்களுக்கு விடப்பட்டிருந்த மானிய நிலத்தை, ஊழியக் கட்டாயம் இல்லாமல் அவர்களே வைத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டம் 1929-இல் நிறைவேறியது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் சட்டம் வர 1947 வரை ஆனது.

எதிர்த்தவர்களில் முதலில் சொல்லப்படும் பெயர் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி. கோயில் மரபு, கலை என்று பேசினார். இந்த விவாதத்தைப் பள்ளிப் பாடமாகச் சொல்லும்போது இதோடு முடித்துவிடுவார்கள்: சீர்திருத்தம் கேட்ட பெண், மரபைக் காக்க வந்த ஆண். அப்படிப் படித்தால் இதில் கற்க அதிகம் இல்லை.

இன்னொரு எதிர்ப்பு இருந்தது. தேவதாசிப் பெண்களே சங்கம் அமைத்து அரசுக்கு மனு எழுதினார்கள். அதில் முன்நின்றவர்களில் ஒருவர், தேவதாசி மரபில் வந்த புகழ்பெற்ற கர்நாடக இசைப் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மா. எங்களை விலைமகளிரோடு சேர்க்காதீர்கள் என்று கேட்டார்கள். சிறுமிகளை விபசாரத்துக்குக் கொடுப்பதைத் தண்டிக்க இந்திய தண்டனைச் சட்டத்தில் ஏற்கெனவே 372, 373 பிரிவுகள் இருக்கும்போது ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்கும் சட்டம் எதற்கு என்றார்கள். எங்கள் நிலை தாழ்ந்திருக்கிறது என்றால் எங்களுக்குக் கல்வி கொடுங்கள் என்றார்கள். சொத்துரிமையைப் பற்றிய அச்சமும் அவர்களுக்கு இருந்தது. அது வெறும் பேராசை இல்லை. அந்தச் சமூகத்தில் பெண்கள் பெண்பிள்ளைகளைத் தத்தெடுத்தார்கள். தாயின் சொத்து மகளுக்குப் போனது. 'குடும்பப் பெண்கள்' என்று மதிக்கப்பட்ட தமிழ்நாட்டு இந்துப் பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு இணையான பிறப்புரிமை கிடைத்தது 1989-இல். ஆகவே நாகரத்தினம்மாவின் தரப்பு கேட்ட கேள்வியின் கனத்தைப் பாருங்கள்: எங்களிடம் இருப்பதை எடுத்துக்கொண்டு, உங்கள் வீட்டுப் பெண்களிடம் இல்லாததைத் தருவதற்குப் பெயர் விடுதலையா?

நாகரத்தினம்மா யார் என்று தெரிந்துகொண்டால் இது இன்னும் ஆழமாகும். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற கணிகை தெலுங்கில் ஒரு காவியம் எழுதினார். விதவை மறுமணத்துக்காகப் போராடிய சீர்திருத்தவாதி வீரேசலிங்கம் அதை ஆபாசம் என்று பழித்தார். நாகரத்தினம்மா 1910-இல் அதைச் சிதைவில்லாமல் பதிப்பித்தார். ஆண் கவிகள் இதைவிட வெளிப்படையாக எழுதியபோது யாருக்கும் உறுத்தவில்லையே, நாணம் பெண்ணுக்கு மட்டுமா என்று கேட்டார். அரசு நூலைத் தடைசெய்தது. பிறகு அவர் தம் செல்வத்தைப் போட்டுத் திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டினார். ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை என்று ஆண் வித்துவான்கள் சொன்னபோது, பெண்களுக்கென்று தனிக் கட்சி அமைத்துப் பாட வைத்தார். பெண்களுக்காக இவ்வளவு செய்தவரை, ஒரு சட்டத்தை எதிர்த்தார் என்பதற்காகப் பெண் விடுதலைக்கு எதிரி என்று எழுத யாருக்கு மனம் வரும்?

ஆனால் அவர் பக்கமே சாய்ந்துவிடவும் முடியாது. அங்கேதான் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் வருகிறார். உயர்கல்வி படிக்கும் மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் அரசுத் திட்டத்தில் அவர் பெயர் இருக்கிறது. பெயருக்குப் பின்னால் இருப்பவரைத்தான் பலருக்குத் தெரிவதில்லை. தேவதாசிக் குடும்பத்தில் விடப்பட்டு வளர்ந்தவர். அதிலிருந்து வெளியேறி, சுயமரியாதை இயக்கத்தில் சேர்ந்து, ஊர் ஊராகப் போய்ப் பொட்டுக்கட்டுக்கு எதிராகப் பேசினார். 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற அவருடைய நாவல் 1936-இல் வந்தது. உள்ளே இருந்து பார்த்தவர் எழுதியது அது. கலை, மரபு என்ற பேச்சுக்குப் பின்னால் பெண்களை வைத்து நடக்கும் வியாபாரத்தை அவர் மறைக்கவே இல்லை. நாகரத்தினம்மா புகழின் உச்சியில் நின்று பேசினார். சென்னையில் பெரிய வீடும் இசைப் புகழும் இல்லாத, சிற்றூர்க் கோயில்களில் கிடந்த பெண்களின் குரல் இராமாமிர்தத்திடம்தான் கேட்கிறது.

பிறகு நடந்ததையும் படிக்க வேண்டும். 1947 சட்டம் பொட்டுக்கட்டுவதைத் தடுத்ததோடு, அந்தப் பெண்கள் கோயிலில் ஆடுவதையும் தடுத்தது. அதற்கு முன்பே, 1935-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறியிருந்தார். தேவதாசிகள் ஆடிவந்த சதிர் ஆட்டம் பரதநாட்டியமாகி வேறு வீடுகளுக்குப் போனது. சீர்திருத்தமும் கலை மறுமலர்ச்சியும் சேர்ந்து பரம்பரையாக ஆடியவர்களை வெளியே தள்ளின என்று அம்ரித் ஸ்ரீனிவாசன் 1985-இல் எழுதிய கட்டுரை வாதிடுகிறது. இராமாமிர்தத்தின் நாவலைத் தீவிரப் பெண்ணியப் பிரதியாக எஸ். ஆனந்தி 1991-இல் வாசித்துக் காட்டினார். அதாவது சட்டம் வந்து அரை நூற்றாண்டை நெருங்கும்போதும் விவாதம் உயிரோடு இருந்தது. இரண்டு பக்கமும் பெண் ஆய்வாளர்களே நின்றார்கள்.

இந்தத் தெரிவின் சிரமம் ஆவணங்கள்தான். தேவதாசி சங்கத்தின் மனுக்கள் பெரும்பாலும் ஆங்கில ஆய்வுகளில் மேற்கோளாகவே நமக்குக் கிடைக்கின்றன. முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் பேசியது நடவடிக்கைக் குறிப்புகளில் இருக்கிறது. அதற்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கோ தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகத்துக்கோ போக வேண்டும். இன்னொரு சிரமம், சாதி. இந்தச் சமூகத்தின் இன்றைய தலைமுறை பழைய அவமானங்களைச் சுமந்தே வந்திருக்கிறது. வகுப்பில் இதை எடுக்கும் ஆசிரியர் சொற்களில் கவனமாக இருக்க வேண்டும். யாருடைய பாட்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்ற நினைவு எப்போதும் வேண்டும்.

இன்றைய சண்டையிலிருந்து தொடங்கலாமா?

சிலர் நேராக 498ஏ பிரிவிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். மனைவியைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கி இந்திய தண்டனைச் சட்டத்தில் 1983-இல் வந்த பிரிவு அது; 2024-இல் அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்த புதிய சட்டத்திலும் அதே குற்றம் இருக்கிறது. அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் பழையது. உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆர்னேஷ் குமார் வழக்கில், காரணத்தைப் பதிவுசெய்யாமல் எந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது என்று போலீசாருக்குச் சொன்னது. முக்கியமான விவாதம்தான். ஆனால் தொடக்கப் படிப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அறையில் இருப்பவர்களில் யாராவது ஒருவரின் அக்காவோ அண்ணனோ அந்த வழக்கில் சிக்கியிருப்பார்கள். காயம் ஆறாத இடத்தில் வாதத்தைப் பிரித்துப் பார்க்கும் பொறுமை வராது. இரண்டு பழைய விவாதங்களைப் படித்து முடித்த பிறகு இதற்கு வாருங்கள்.

எதை எடுப்பது?

தனியாக, வீட்டில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் சரளமாகப் படிக்கக்கூடியவர் மில்லையும் ஸ்டீபனையும் எடுக்கலாம், ஹாரியட் டெய்லரோடு. நண்பர் குழு இருந்தால் அமெரிக்கத் திருத்தம். மற்ற எல்லாருக்கும், குறிப்பாகத் தமிழில் படிக்க விரும்புகிறவர்களுக்கு, சென்னை விவாதத்தைத்தான் சொல்வேன். ஆவணச் சிரமத்தை எண்ணிப் பார்த்த பிறகும் அதையே சொல்கிறேன்.

எதிர்க்கிறவருக்கு என்ன இழப்பு என்பதே நான் பார்க்கும் அளவுகோல். ஸ்டீபனுக்கு இழப்பு எதுவும் இல்லை. அதனால் அவர் வாதத்தை அறிவால் மட்டுமே எடை போட வேண்டியிருக்கிறது. ஷ்லாஃப்லியின் பின்னால் நின்ற இல்லத்தரசிகளுக்கு இழப்பு இருந்தது, ஆனால் அவர்கள் சொந்தக் குரலில் அதிகம் எழுதிவைக்கவில்லை. சென்னை விவாதத்தில் ஆதரித்தவர், எதிர்த்தவர், உள்ளிருந்து உடைத்தவர் ஆகிய மூவரும் அதே சமூகத்தோடு இரத்தத்தாலோ வாழ்க்கையாலோ கட்டுண்ட பெண்கள். யாரையும் அறியாமை என்றோ ஆணாதிக்கம் என்றோ ஒரே சொல்லில் தள்ள வழியில்லை. சத்தியமூர்த்தியும் நாகரத்தினம்மாவும் ஒரே பக்கம் வாக்களித்திருக்கக்கூடியவர்கள், ஆனால் ஒருவர் கவலைப்பட்டது கோயிலைப் பற்றி, மற்றவர் கவலைப்பட்டது பெண்களைப் பற்றி. இந்த வேறுபாட்டைப் பார்க்கப் பழகிய மாணவர், பிறகு எந்த எதிர்ப்பாளரைப் படித்தாலும் அவர் எந்த வகை என்று முதலில் கேட்பார்.

படிக்கும் வரிசையையும் சொல்கிறேன். முதலில் முத்துலட்சுமி ரெட்டியின் வாதம். மறுப்பைப் புரிந்துகொள்ள, எது மறுக்கப்படுகிறது என்பது முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். அதை மூடிவைத்துவிட்டு, அவருக்கு என்ன பதில் சொல்லலாம் என்று நீங்களே ஒரு பக்கம் எழுதுங்கள். பிறகு நாகரத்தினம்மா: வி. ஸ்ரீராம் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் சட்ட விவாதம் பற்றிய பகுதியும் முத்துப்பழனி பற்றிய பகுதியும் போதும். உங்கள் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். நீங்கள் யோசிக்காத வாதம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள்; பெரும்பாலும் அது சொத்தைப் பற்றியதாக இருக்கும். அதன் பிறகு இராமாமிர்தத்தின் நாவல், முழுதாக. ஸ்ரீனிவாசனும் ஆனந்தியும் கடைசியில். ஆய்வுகளை முன்னால் படித்தால் அவர்கள் கண்ணால்தான் மூலத்தைப் பார்ப்பீர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவிகளுக்கு முத்துலட்சுமியையும் மாணவர்களுக்கு எதிர்த்தரப்பையும் பிரித்துக் கொடுக்காதீர்கள். பட்டிமன்றம் போல் இருக்கும், கைதட்டல் வரும்; எல்லாரும் ஏற்கெனவே நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருப்பார்கள். நாகரத்தினம்மாவின் தரப்பைச் சொந்த வாதம்போல் எடுத்துச் சொல்லும் வேலையைப் பெண்ணுரிமையில் மிகுந்த பற்றுள்ள மாணவியிடம் கொடுங்கள். இராமாமிர்தத்தின் தரப்பை, மரபைப் போற்றும் மாணவனிடம் கொடுங்கள்.